பெட்டியோடு கிடைத்த பழைய தீட்டுக்கல்: இது என்ன கல், எப்படிச் சுத்தம் செய்வது?

மரத்தூள் (லெஸ்டர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பூட் சந்தையில் (காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) பழைய மரவேலைச் சாமான் பொறுக்குவது என் பழக்கம். இந்தமுறை ஒரு தட்டு நிறையக் கிடந்த உளிகளுக்கு நடுவில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே தீட்டுக்கல். உளிகளோடு சேர்த்துப் பேரம் பேசியதில் கல்லுக்கு நாலு பவுண் விழுந்தது.

பெட்டி மஹோகனி என்று நினைக்கிறேன். ஒரே கட்டையைக் குடைந்து செய்திருக்கிறார்கள். அடியில் நாலு மூலையிலும் சின்ன ஆணி அடித்து, தலையை வெட்டி, முனை மட்டும் துருத்திக்கொண்டு நிற்க விட்டிருக்கிறார்கள். மேசையில் நழுவாமல் இருக்கத்தான் ஆக்கும். மூடியில் யாரோ ஒருவரின் பெயரெழுத்துகளை இரும்பு அச்சால் குத்தியிருக்கிறது.

கல் 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், கனம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேல்முகம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து இறுகிப்போய் நகத்தால் சுரண்டினாலும் வருகுதில்லை. இரும்பு ரூலரை நீளவாக்கில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒன்றரை மி.மீ. குழி. ஒரு மூலை உடைந்திருக்கிறது. பக்கவாட்டில் பிசுக்கு உதிர்ந்த இடத்தில் மட்டும் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம் தெரிகிறது.

விற்றவர் "வாஷிட்டா" என்றார். இணையத்தில் படம் போட்டுக் கேட்டதில் ஒருவர் சார்ன்லி ஃபாரஸ்ட் என்கிறார், இன்னொருவர் வெறும் ஸ்லேட் என்கிறார், மூன்றாமவர் இது கல்லே இல்லை, தொழிற்சாலையில் செய்தது என்கிறார். சுத்தம் செய்வதிலும் அதே கதைதான். கொதிதண்ணியில் அவிக்கச் சொல்கிறார் ஒருவர், அவன் அடுப்பில் வைத்தால் எண்ணெய் வடிந்துவிடும் என்கிறார் மற்றவர். நான் பாவிக்கத்தான் வாங்கினேன், அலமாரியில் வைக்க அல்ல. ஆனால் நல்ல கல்லாக இருந்தால் கெடுத்துவிடவும் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

இழைப்புளி (ஷெஃபீல்டு) எழுதியது:

தம்பி, அவன் அடுப்பை முதலில் மறந்துவிடுங்கள். காலங்காலமாக எண்ணெய் குடித்த கல்லை அதில் வைப்பது வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம். இயற்கைக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் இருக்கும். ஸ்லேட் வகையாக இருந்தால் படலம் படலமாகவே இருக்கும். சட்டென்று சூடேறினால் அந்த இடத்தில் பிரிந்துவிடும். அப்புறம் ஒட்டுவதற்கு வழியில்லை.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் அழுக்கை எடுங்கள். பிசுக்கு மூடிய கல்லைப் படம் பார்த்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் அது குருட்டடிதான், நான் உட்பட.

கல் பெட்டியை விட்டு வருகிறதா என்று பாருங்கள். மடித்த துண்டின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். வராவிட்டால் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீர்கள், பெட்டியின் சுவர் நார்வாக்கில் பிளந்துவிடும். பழைய ஆட்கள் கல் ஆடாமல் இருக்கப் புட்டியோ (ஜன்னல் கண்ணாடி பதிக்கும் பசை) தாரோ வைத்துப் பதித்திருப்பார்கள். தலைமுடி உலர்த்தியால் பெட்டியின் அடியில் மெதுவாகச் சூடு காட்டினால் இளகிக் கொடுக்கும்.

கல் வெளியே வந்ததும் அதன் அடிமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சொல்லப்போனால் எனக்கு ஒரு பழைய கல் கையில் கிடைத்தால் நான் மேல்முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். யாரும் தீட்டாத அடிமுகத்தில்தான் ரம்பம் அறுத்த கோடு, கல்லின் அசல் நிறம், ஒட்டிய காகிதம் எல்லாம் பிழைத்திருக்கும். காகிதத் துணுக்கோ மை முத்திரையோ இருந்தால் எந்தத் திரவமும் படுவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். விலை பாதி அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

சுத்தம் செய்வது எளிது, நேரம்தான் பிடிக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ மூங்கில் சிம்பாலோ மேல் பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். மூடியுள்ள டப்பாவில் மண்ணெண்ணெயோ, பெயிண்ட் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டோ ஊற்றி, கல் மூழ்கும்படி ஓரிரு நாள் விடுங்கள். வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கு எட்டத்தில். திரவம் தேநீர் நிறத்துக்கு வந்ததும் கொட்டி மாற்றுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பும் கொஞ்சம் சலவைச் சோடாவும் கலந்து நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். அவன் அடுப்பு கழுவும் காரக் கரைசல்களை நான் தொடமாட்டேன். கல் தாங்கினாலும் கை தாங்காது.

இதிலேயே முதல் துப்புக் கிடைக்கும். வாஷிட்டா என்பது அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து நோவாகுலைட் என்ற நுண்ணிய குவார்ட்ஸ் கல்லில் நுண்துளை மிகுந்த வகை. எண்ணெய் உள்ளே வரை இறங்கியிருக்கும். கழுவிக் காயவைத்து டிஷ்யூ காகிதத்தின் மேல் வைத்தால் வாரக்கணக்கில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமானதும் வெள்ளை அல்லது பாலாடை நிறம், சிலவற்றில் துருச் சிவப்புக் கீற்று. சார்ன்லி ஃபாரஸ்ட் போன்ற இறுக்கமான கல்லில் எண்ணெய் மேலோடு நிற்கும், ஒரு குளியலில் பளிச்சென்று ஆகிவிடும்.

விற்றவர் வாஷிட்டா என்றதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் பைக் (Pike) என்ற அமெரிக்கத் தீட்டுக்கல் நிறுவனமும், 1932இல் அதை வாங்கிய நார்ட்டனும் இந்த நாட்டில் அந்தக் கல்லை ஏராளமாக விற்றார்கள். மரப்பெட்டிக்குள் எது இருந்தாலும் வாஷிட்டா என்று சொல்லிவிடும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

தொழிற்சாலைக் கல்லா என்பதும் கழுவியதும் தெரிந்துவிடும். நார்ட்டன் "இந்தியா" கல் ஆரஞ்சு கலந்த பழுப்பு. பெயரைப் பார்த்து நம் ஊர்க் கல் என்று வாங்கிவிடாதீர்கள், அது முழுக்க அலுமினியம் ஆக்சைடு. கார்போரண்டம், அதாவது சிலிக்கன் கார்பைடு கல், கறுப்புச் சாம்பல், வெயிலில் சாய்த்தால் பொடிப் பொடியாக மினுங்கும். இரண்டிலும் எங்கு பார்த்தாலும் ஒரே பருமனில் மணி இருக்கும். கோடோ புள்ளியோ மேகமோ இருக்காது.

பாறைக்காரி (எடின்பரோ) எழுதியது:

நிறத்தை வைத்துப் பாதி தூரம் போகலாம். மீதிக்கு எடையைக் கேளுங்கள். சமையலறைத் தராசு போதும்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் இடிக்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கல் இடம்பெயர்த்த தண்ணீர், அதாவது கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. ஆர்கன்சா கல் எல்லாமே ஏறக்குறைய முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ், ஆகவே அந்தக் குடும்பத்தில் எதுவும் 2.65ஐத் தாண்டாது. துளை கூடக் கூட எண் இறங்கும். வாஷிட்டா, மென் ஆர்கன்சா எல்லாம் 2.2, 2.3 என்று நிற்கும். ஒளி ஊடுருவும் கடின ஆர்கன்சா 2.5க்கு மேல். ஸ்லேட்டும் எரிமலைச் சாம்பல் பாறைகளும் 2.7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பெல்ஜியத்து மஞ்சள் தீட்டுக்கல்லான கோட்டிக்யூலில் கார்னெட் என்ற கனமான கனிம மணிகள் நிறைந்திருப்பதால் 3ஐயே தாண்டும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

சார்ன்லி ஃபாரஸ்ட் பற்றி ஒரு சொல். லெஸ்டருக்கு வடமேற்கே சார்ன்வுட் காட்டில் விட்டில் ஹில் பக்கம் வெட்டிய கல் அது. ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து இறுகியது. அதே பாறைத் தொகுதியில் 1957இல் பள்ளி மாணவர்கள் கண்டெடுத்த புதைபடிவத்துக்குத்தான் சார்னியா என்று பெயர். அது உங்கள் லெஸ்டர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது, கல்லோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊரில் கிடைத்தது என்பதற்காக உங்கள் ஊர்க் கல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தச்சர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலை இருக்கும் ஊருக்கெல்லாம் போனவர்கள்.

முக்கியமான ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை சிலிக்கா. காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்தில்லை. எப்போதும் ஈரமாகவே தேயுங்கள், சேற்றைக் காயவிடாமல் துடைத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சவரக்கத்தி (கோயம்புத்தூர்) எழுதியது:

இழைப்புளி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. குழியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

ஒன்றரை மி.மீ. குழியை எடுக்க வேண்டுமென்றால் முகம் முழுவதும் ஒன்றரை மி.மீ. கல்லைத் தேய்த்து வீணாக்க வேண்டும். இந்த மாதிரி இறுகிய கல்லில் அது ஒரு மாலை வேலையில் முடியாது, தோள் கழன்றுவிடும். அடிமுகம் சமமாக இருந்தால் பேசாமல் கல்லைத் திருப்பிப் போட்டு அதில் தீட்டுங்கள். ரம்பக் கோட்டை எடுத்தால் போதும். தேய்ந்த பழைய முகம் கீழே போகட்டும், அதுவும் கல்லின் சரித்திரம்தானே.

சவரக்கத்திக்குக் கல் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். உளிக்கு அவ்வளவு கறார் வேண்டாம் என்று மரவேலைக்காரர்கள் சொல்வார்கள். இழைப்புளித் தகட்டின் முதுகைத் தட்டையாக்கும்போது அவர்களுக்கும் புரியும்.

தேய்ப்பதற்கு வைரத் தகடு வேண்டாம். கடினக் கல்லில் தேய்த்தால் வைரமணிகள் பிய்ந்துபோய் நல்ல தகடு மொட்டையாகிவிடும். தடித்த கண்ணாடிப் பலகை, சிலிக்கன் கார்பைடு தூள், தண்ணீர். அவ்வளவுதான். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போடுங்கள். 80 அல்லது 120 நம்பர் தூளில் (நம்பர் ஏற ஏறத் தூள் பொடிசாகும்) ஒரு தேக்கரண்டி கண்ணாடியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். தூள் நொறுங்கியதும் சத்தம் அடங்கிச் சேறு வழுக்கும், அப்போது கழுவிவிட்டுப் புதுத்தூள் போடுங்கள். பென்சில் கோடு எல்லாப் பக்கமும் ஒன்றாக அழிந்தால் சமம். கண்ணாடியின் நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் கண்ணாடியும் குழியும், இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு 220, 400. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே கல்லையும் கண்ணாடியையும் கையையும் கழுவுங்கள். பெருமணி ஒன்று தங்கினாலும் கீறிவிடும். கடைசியில் ஓரங்களைச் சாய்வாக ஒரு தேய் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் கல்லும் சிதறும், கத்தியையும் கெடுக்கும்.

நான் இந்தக் கற்களில் எண்ணெயே விடுவதில்லை. சோப்பு கலந்த தண்ணீர்தான். எண்ணெய்க்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

மரத்தூள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கல்லை வெளியே எடுத்துவிட்டேன், அண்ணை சொன்னபடி தலைமுடி உலர்த்திதான் கைகொடுத்தது. அடியில் மஞ்சள் நிறத்தில் புட்டி, அதற்குள் ஒரு தீக்குச்சி. கல் உயரம் சரிக்கட்ட வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. காகிதம் ஒன்றும் இல்லை.

மண்ணெண்ணெய்க் குளியல் ஒன்றிலேயே முகம் தெரிந்துவிட்டது. சாம்பல் பச்சை நிறம், காய்ந்த ஒலிவ் இலைக்குக் கிட்ட. அதன் குறுக்கே செங்கபில நிறத்தில் ஒரு கீற்று, ஒரு முனையில் தொடங்கி வளைந்து மறு ஓரத்தில் மறைகிறது. அதை ஒட்டி ஊதாச் சாயலில் சின்னச் சின்னப் புள்ளிகள். நனைத்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். டிஷ்யூவில் இரவு முழுக்க வைத்தேன், எண்ணெய்க் கறை விழவில்லை.

பாறைக்காரி அக்காவின் கணக்கு: காய்ந்த எடை 519 கிராம். தண்ணீரில் இறக்கியபோது தராசு 190 காட்டியது. 2.73 வருகிறது. அப்படியென்றால் வாஷிட்டா அல்ல, சரிதானே?

அடிமுகத்தில் ரம்பக் கோடுகள் இருக்கின்றன, ரூலர் வைத்தால் வெளிச்சம் துளிதான் தெரிகிறது. திருப்பிப் போட ஆசை. ஆனால் குழிந்த முகம் கீழே போனால் இரண்டு முனையில் மட்டும்தானே கல் நிற்கும்? அழுத்தித் தீட்டும்போது நடுவில் உடையாதா?

இழைப்புளி எழுதியது:

வாஷிட்டா இல்லை. 2.73க்கு எந்த ஆர்கன்சாக் கல்லும் வராது.

செங்கபிலக் கீற்று, ஊதாப் புள்ளி, ஒலிவ் பச்சை, எண்ணெய் குடிக்காத உடம்பு: எல்லாம் சார்ன்லி ஃபாரஸ்ட் பக்கம்தான் கை காட்டுகின்றன. வேல்ஸில் லின் இட்வால் ஏரிப் பக்கத்திலிருந்து வந்த கல்லும் பச்சைச் சாம்பல்தான், சில துண்டுகளைப் பக்கத்தில் வைத்தாலும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இப்படி ஓடும் சிவப்புக் கீற்றைச் சார்ன்லியில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்து அயர்ஷயர் கல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது இதைவிட மென்மை, தண்ணீரில் தீட்டுவது, அதிலேயே டாம் ஓ ஷான்டர் என்ற வகையாக இருந்தால் வெளிர் உடம்பில் கரும்புள்ளி. நீங்களே விற்கப் போனால் "சார்ன்லி ஃபாரஸ்ட் என்று கருதுகிறேன்" என்று எழுதுங்கள். ஆன்லைன் ஏலத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் இந்தப் பெயரில்தான் விலை போகிறது, அந்தக் கூட்டத்தில் நாமும் சேர வேண்டாம்.

உடையுமா என்று கேட்டது நல்ல கேள்வி. சவரக்கத்தி தம்பி சவரக்கத்திக்குத் தருகிற அழுத்தத்தை வைத்துப் பேசுகிறார். நாம் இழைப்புளித் தகட்டை இரண்டு கையாலும் அமுக்குவோம். திருப்பிப் போடுங்கள், ஆனால் குழிக்குக் கீழே இடம் விடாதீர்கள். பெட்டிக்குள் புதுப் புட்டி வைத்து, கல்லுக்கும் புட்டிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டுக் கல்லை அமுக்கி வையுங்கள். புட்டி குழியின் வடிவத்துக்கு இறுகிவிடும், தாள் இருப்பதால் நாளைக்குக் கல்லைக் கழற்றவும் முடியும். அந்தத் தீக்குச்சியையும் அங்கேயே வைத்துவிடுங்கள், பாவம்.

பெட்டியை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு. பெயரெழுத்து அழிந்தால் திரும்ப வராது. உடைந்த மூலையையும் நிரப்ப வேண்டாம், விளிம்பை மட்டும் மழுக்குங்கள்.

மேல்முகம் எவ்வளவு வழவழப்பாக வேண்டும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். 400இல் நிறுத்தினால் முதலில் நன்றாக அறுக்கும். தீட்டத் தீட்ட முகம் மெருகேறி வேகம் குறையும், கூர் நுணுக்கமாகும். ரொம்ப வழுக்கினால் மறுபடி தூள் போட்டு லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும், அம்மி கொத்துகிற மாதிரிதான். சார்ன்லி எப்படியும் மெதுவான கல். துருக்கிக் கல்லுக்கு மாற்று என்று அந்தக் காலத்தில் புகழ்ந்தவர்களும் அதை வேகத்துக்காகப் புகழவில்லை. வேறு கல்லில் வெட்டுவாயில் பிசிறு எழும்வரை தீட்டிவிட்டு, கடைசிப் பூச்சுக்கு மட்டும் இதில் வாருங்கள். மெல்லிய மினரல் எண்ணெய் நாலு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், ஆறு மாதத்தில் நீங்கள் சுரண்டிய அதே பிசுக்கு திரும்ப வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் ஒத்துவரும், நான் சண்டைக்கு வரவில்லை.

கல்லோடு வாங்கிய பழைய உளியில் முதலில் பரீட்சை பண்ணுங்கள். சாதாரணக் கார்பன் எஃகும் இந்தக் கல்லும் ஒரே காலத்து ஆட்கள். வனேடியம் அதிகமுள்ள புதுக் கத்தியைக் கொண்டுவந்து தேய்த்துவிட்டுக் கல் சரியில்லை என்று சொல்லாதீர்கள், அந்த எஃகில் இருக்கும் வனேடியம் கார்பைடு குவார்ட்ஸைவிடக் கடினம்.

மரத்தூள் எழுதியது:

முக்கால் அங்குல உளியைத் தீட்டிப் பார்த்தேன். கல்லில் சாம்பல் கோடு விழுகிறது, சத்தமே இல்லை, உளி கல்லோடு ஒட்டி இழுபடுகிறது. வெட்டுவாயில் வெளிச்சம் பிடித்தால் கீறல் ஒன்றும் தெரியவில்லை. பைன் மரத்தின் தலைநாரை (நாருக்குக் குறுக்கே வெட்டிய முனையை)ச் சீவினேன், பொடியாக உதிராமல் சுருளாக வந்தது.

இன்னொன்று. அதே ஆளிடம் பெட்டி இல்லாத ஊதாக் கல் ஒன்றும் கிடந்தது, முழுக்க ஒரே ஊதா. கோட்டிக்யூலின் அடிப்பக்கம் என்று பத்துப் பவுண் கேட்டார். திரும்பப் போய் வாங்கவோ?

சவரக்கத்தி எழுதியது:

மஞ்சள் படலம் இருக்கிறதா? கோட்டிக்யூல் என்பது அந்த மஞ்சள்தான், ஊதா அதன் அடியில் ஒட்டியிருக்கும் கல். இயற்கையாக ஒட்டியதென்றால் இரண்டு நிறமும் சேரும் கோடு நெளிந்து போகும், நூல் பிடித்தது போல் நேராக இருந்தால் பிசின் வைத்து ஒட்டியது. ஒட்டியதும் நல்ல கல்தான், நாள்கணக்கில் மண்ணெண்ணெயில் மட்டும் ஊறப்போடாதீர்கள்.

மரத்தூள் எழுதியது:

மஞ்சள் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அங்கேயே ஆணி நுனியால் ஓரத்தில் கீறினேன், வெளிறிய கோடு விழுந்தது.

இழைப்புளி எழுதியது:

அப்படியென்றால் வேல்ஸ் ஸ்லேட்டாக இருக்கத்தான் வாய்ப்பு. பேனாக்கத்திக்கு ஆகும். மூன்று பவுணுக்கு மேல் ஒரு பென்னி கொடுக்காதீர்கள்.